ஷா ஆலம் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

ஏழாம் வகுப்பில் எங்கள் ஆசிரியை, திட்டம் போட்டுக் கட்டிய நகரம் ஒன்றின் வரைபடத்தைச் செய்துகொண்டு வரச் சொன்னார். யாழ்ப்பாணத்தைச் செய்யலாமா என்று அப்பாவைக் கேட்டேன். அதைக் கட்டுவதற்கு ஒருவரும் திட்டம் போடவில்லை, இடிப்பதற்குத்தான் போட்டார்கள் என்று சொல்லிவிட்டு அவர் ஒஷாவா நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்.

அம்மாதான் ஷா ஆலம் நகரத்தைச் சொன்னார். அவர் மலேசியாவில் பிறந்தவர். அப்பாவைக் கட்டிய பிறகு யாழ்ப்பாணப் பேச்சுக்குப் பழகியிருந்தார். மனம் கலங்கினால் மட்டும் பழைய பேச்சு வந்துவிடும். அவருடைய பெற்றோர் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த றப்பர்த் தோட்டம்தான் பிறகு அந்த நகரமாகி, ஒரு மாநிலத்தின் தலைநகரமும் ஆனது. என் தாய் பிறந்தது தலைநகரத்தில் என்று வகுப்பில் சொல்லலாம் என்பதில் எனக்கு ஒரே புளுகமும் பெருமையும்.

ஒரு கிழமை குந்தியிருந்து வரைந்தேன். பெரிய வெள்ளை மட்டையில் வட்டச் சந்திகள், ஏரி, நீலக் கூரைப் பள்ளிவாசல், இலக்கமிட்ட பிரிவுகள். மூலையில் சின்னதாக 'முன்பு றப்பர்' என்று எழுதித் தோட்டத்தின் கதையை முடித்துவிட்டேன்.

கொடுக்கவேண்டிய நாளுக்கு முதல்நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், ஏரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு புள்ளி. அம்மா மட்டைக்கு முன்னால் தரையில் இருந்தார்.

“இந்த இடமாத்தான் இருக்கும். தம்பிய இங்கதான் புதைச்சாங்க. மேல நான் ஒரு செம்பருத்திக் குச்சி நட்டேன்” என்றார்.

தம்பி மூன்று வயதில் காய்ச்சலில் போனதையும், செம்பருத்தி துளிர்விட்ட வருடமே தோட்டம் கைமாறி எல்லோரும் வெளியேறியதையும் சொன்னார். அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆனாலும் எனக்கு வந்தது கோபம்தான்.

“அப்பிடி ஒண்டும் மெப்பில இல்லையம்மா. என்ர புரொஜெக்ற்றைப் பழுதாக்கிப் போட்டியள்.”

அம்மா எழும்பினார். லாச்சியைத் திறந்து எழுத்தை அழிக்கும் வெள்ளை மைக் குப்பியை அவரே எடுத்துத் தந்தார். ஒரு பூச்சுக்குச் சிவப்பு அடங்கவில்லை. நாலு பூச்சுப் பூசினேன். காய்ந்ததும் அந்த இடம் சிறு மேடாகிவிட்டது.

வரைபடத்துக்கு நூற்றுக்கு நூறு என்று முழுப் புள்ளிகள் கிடைத்தன. அப்பா மட்டையைக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். தேத்தண்ணிக்குப் பால் எடுக்க வரும்போதெல்லாம் அம்மா அந்த வெள்ளை மேட்டை விரலால் தடவிவிட்டுப் போவார். மை உதிர்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்து, தொடவேண்டாம் என்று பலமுறை ஏசியிருக்கிறேன்.

தம்பியைத் தொட்டுப் பார்க்க இந்த உலகத்தில் அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த மேடு ஒன்றுதான் என்பது எனக்கு விளங்கவில்லை. மார்க்கம் நகரத்துக்கு வீடு மாறியபோது மட்டையை நாலாக மடித்துக் குப்பைக்கு வைத்ததும் நான்தான். அம்மா தடுக்கவில்லை. பாதி கட்டிய பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, குப்பை வண்டி வந்து அதை அள்ளிக்கொண்டு போகும்வரை வாசலில் நின்றார்.

குளிர் உள்ளே வருகிறது, கதவைச் சாத்துங்கள் என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன்.