தேவதாசன் ஸாரின் ரசம்

ரசம் வந்துவிட்டால் தேவதாசன் ஸார் நம்மைப் போலச் சோற்றில் குழி பறிப்பதில்லை. சோற்றை உருண்டையாகக் குவித்து, நடுவில் ஒரு சுண்டைவற்றலைப் புதைத்துவிட்டு, "இடது பக்கமா ஊத்துங்க, மெதுவா" என்பார். வற்றல்தான் பூமி. சோறு, பூமியைச் சூழ்ந்த காந்தப் புலம். ரசம், சூரியனிலிருந்து பொங்கி வரும் மின்துகள் வெள்ளம்.

"பாத்தீரா வே, வெள்ளம் முட்டுத பக்கம் சோறு அமுங்குது. அப்புறம் ரெண்டாப் பிரிஞ்சு சுத்திக்கிட்டுப் போவுது. பின்னால பாரும், வெள்ளம் புகாம காலி இடம் கெடக்கு. வத்தலு நனைஞ்சுதா? நனையல. அதுனாலதான் நீரும் நானும் உக்காந்து சாப்பிடுதோம்."

நாசரேத்துக்காரர். தூத்துக்குடியில் நான் தமிழ் நடத்தும் பள்ளியில் அவர் ஸயன்ஸ் நடத்துகிறார். பந்தியில் அவருக்கு இடது பக்கம் உட்காருவதே எனக்கு க்ஷேமம். வலது பக்கம் உட்கார்ந்தவர்களின் கதி எனக்குத் தெரியும்.

உலக யுத்தம் முடிந்த கையோடு, சூரியனில் பெரிய கரும்புள்ளிகள் தோன்றியிருப்பதாக எதிலோ படித்தார். அன்று முதல் சாயங்காலமானால் தோணித்துறைக்குப் போய்விடுகிறார். புள்ளி பெருத்தால் சூரிய வெள்ளமும் பெருகும், அது பலமாக மோதினால் திசைகாட்டி முள் நடுங்கும் என்பது அவர் கணக்கு. கொழும்புக்குத் தோணி ஓட்டும் ரோச் தண்டலைப் பிடித்து, "முள்ளு ஆடிச்சா?" என்று கேட்பார்.

"முள்ளு சும்மா கெடக்கு ஸாரே. நீங்கதான் நிலையில்லாம ஆடுதிய" என்பார் ரோச். ஸார் அதற்கும் சிரித்துவிட்டு மறுநாளும் போவார்.

சிரிக்க முடியாத விஷயமும் ஒன்று உண்டு. மகள் ஜெயசெல்விக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் இந்த ரசத்தில்தான் கரைந்தன. முதல் வீட்டார், வாத்தியாருக்குக் கொஞ்சம் கழன்றிருக்கிறது என்று கை கழுவியதோடு கிளம்பிவிட்டார்கள். இரண்டாவது தடவை தரை சற்றுச் சரிவு. சூரிய வெள்ளம் மாப்பிள்ளையின் தகப்பனார் மடியில் போய் முடிந்தது. பெண்ணைப் பெற்றவர் செய்கிற காரியமா இது? எனக்கே கோபம் வந்தது.

போன வாரம் சாத்தான்குளத்திலிருந்து சுந்தரராஜ் என்பவர் வீட்டாரோடு தம் மகனுக்குப் பெண் கேட்டு வந்தார். இந்த இடம் அமைய வேண்டுமென்று ஜெயசெல்விக்கும் ஆசை. ஸாரின் மனைவி தேவகனியம்மாள் காலையிலேயே சொல்லிவிட்டாள்: "இன்னைக்கு ஒரு நாளாவது சூரியனை வாசலுக்கு வெளிய நிறுத்துங்க."

ஸார் நிறுத்தினார். சுந்தரராஜ் வலது பக்கமும் நான் வழக்கம்போல் இடது பக்கமும் இருக்க, சூரியன் பேச்சையே எடுக்காமல் சாம்பார்ச் சோற்றைச் சாப்பிட்டார். ஜெயசெல்வி ரசம் கொண்டுவந்ததும் இலைமேல் கையை விரித்து மறித்தார்.

"வேண்டாம்மா. மோரு போதும்."

அவர் ரசத்தை மறுத்து நான் பார்த்தது அன்றுதான். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

ஜெயசெல்வி நகரவில்லை. விருந்தாளிகளை ஒரு தரம் பார்த்தாள். "கைய எடுங்கப்பா. எந்தப் பக்கம் ஊத்தணும்னு சொல்லுங்க. இவங்களும் தெரிஞ்சுக்கிடட்டும்" என்றாள்.

தேவகனியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஸார் சோற்றைக் குவித்து, வற்றலைப் புதைத்து, "இடது பக்கம்" என்று முனகினார். ரசம் இறங்கியது. முட்டியது, பிரிந்தது, வலப்பக்கம் ஓடியது.

சுந்தரராஜ் குனிந்து பார்த்தார். பிறகு வேட்டியை முழங்காலுக்கு மேலே ஏற்றிச் செருகிக்கொண்டு, தம் இலையையும் இழுத்துக்கொண்டு, ஸார் பக்கமாக நெருங்கி உட்கார்ந்தார்.