ஓடிப்போன கல்யாண வீடு

போலும்பு வளர்ந்தது மரக்கட்டைகளின் மேல். அவள் அப்பா இலோங்கா, காட்டில் வெட்டிய அடிமரங்களைக் கம்பியால் பிணைத்துத் தெப்பமாக்குவார். மேலே குடிசை போட்டு, அடுப்பு, கோழி சகிதம் குடும்பமே ஏறிக்கொள்ளும். காங்கோ ஆறு இழுத்துப் போகும். பல நாள் மிதந்து, கின்ஷாசாவில் மரத்தை விற்றுவிட்டுப் படகில் திரும்பி, மறுபடி அடுத்த தெப்பம். தரை ஆடாமல் இருந்தால்தான் அவளுக்குத் தலை சுற்றும்.

அப்படிப்பட்டவளுக்கு வழியில் இருக்கும் ம்பண்டாக்கா ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்த எக்கோஃபோவைப் பிடித்துப்போயிற்று. தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் அலறுகிறவன். சென்ற வருஷம் பெண் கேட்க நாள் குறித்து, தெப்பம் மணல்திட்டில் சிக்கி, நாள் தவறிவிட்டது. மாப்பிள்ளையின் மாமா கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை காக்க வெச்சா, வேற பொண்ணுதான்."

இந்த வருஷம் நாளன்று சரியாக ஊர் தெரிந்தது. கரையில் ஒரே மாதிரித் துணி உடுத்திய சொந்தக்காரர்கள், மேளம், ஆடு, கள்ளுக்குடம். ஆனால் ஊருக்குச் சற்று மேலே வந்து கலக்கும் ருக்கி ஆற்றில் வெள்ளம். அந்தக் கறுப்புத் தண்ணீர் தெப்பத்தை ஒரு இடி இடித்து நடு ஆற்றுக்குத் தள்ளியது. கழி ஊன்றினால் அடி எட்டவில்லை. மேளக்காரன் கை நின்றது.

"எங்கடி போறீங்க?" என்று கரையிலிருந்து ஒரு அத்தை கத்தினாள்.

"நாங்க போகல அத்தை, ஆறு போகுது!"

இலோங்கா கோட்டை மாட்டிக்கொண்டு குடிசை வாசலில் நின்றார். "பொண்ணு கேக்கறவங்கதான் வீடு தேடி வரணும்."

"வீடு ஓடுதேப்பா!"

"துரத்தட்டும்."

துரத்தினார்கள். முன்னால் வந்த ஓடத்தில் மாமா, மடியில் குடம். அவருக்குப் பின்னால் அதே ஓடத்தில், கண்ணை இறுக மூடி ஆட்டைக் கட்டிக்கொண்டு எக்கோஃபோ.

"ஆட்டை விடுடா, அதுக்கு மூச்சு முட்டுது!"

"நானா மாமா பிடிச்சிருக்கேன்? அதுதான் என்னைப் பிடிச்சிருக்கு!"

போலும்பு கயிறு வீசினாள். எட்டவில்லை. இன்னொரு முறை வீசினாள். ஊரின் கடைசிக் கூரையும் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"போதும், ஓடத்தைத் திருப்பு!" என்றார் மாமா.

எக்கோஃபோ கண்ணைத் திறந்தான். ஆட்டை விட்டான். தண்ணீரில் பாய்ந்து ஒரு கையால் மிதந்த கயிற்றையும் மறு கையால் ஓடத்தின் மூக்கையும் பிடித்தான். இடையில் துணி காயப்போடும் கொடி மாதிரி அவன், கழுத்து வரை தண்ணீரில்.

"எக்கோஃபோ, விட்டே கொன்னுடுவேன்!" என்று சிரித்தபடி, அழுதபடி அவள் இழுத்தாள். மாப்பிள்ளை ஏறினான், ஆடு ஏறியது, திட்டிக்கொண்டே மாமா ஏறினார். குடம் உடையவில்லை.

மகள் சம்மதம் தந்தால்தான் அப்பா குடிப்பது வழக்கம். இலோங்கா முறைப்படி கேட்டார்: "மகளே, இந்தக் கள்ளை நான் குடிக்கலாமா?"

அவள் ஒரே மூச்சில் பாதிக் கிண்ணத்தைக் காலி செய்து எக்கோஃபோவிடம் நீட்டிவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள். "குடிங்கப்பா, சீக்கிரம். மாமா மனசு மாறிடப்போகுது."

மற்ற ஓடங்களும் வந்து ஒட்டிக்கொண்டன. மேளம் மறுபடி கிளம்பியது. ஆடிய ஆட்டத்தில் கட்டைகள் முனகின. கோழிகள் கூரைமேல் ஏறிவிட்டன. யாரோ திரும்பிப் பார்த்தபோது ஊரைக் காணோம்.

"சம்பந்தி, எப்ப இறக்கி விடுவீங்க?" என்றார் மாமா.

"கின்ஷாசாவுல."

மேளக்காரன் கை மறுபடி நின்றது. மாமா நனைந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மேளக்காரன் பக்கம் திரும்பினார். "ஏன்டா நிறுத்திட்டே?"