சத்தம் போடாத வாரம்

அந்த வாரம் பாத்திரம் கழுவுவது கணவன் பொறுப்பு, துணி மடிப்பது அவள் பொறுப்பு. ஈரக் கையோடு எடுத்தால் போன் திரை விரலுக்குக் கட்டுப்படாது என்பதால் வந்த ஏற்பாடு. ஆய்வுக்கூடங்களிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவுகளை வாங்கி டாக்டர்களின் திரையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் மென்பொருளில், யார் கண்ணுக்கும் படாத உள்வேலை அவளுடையது. அதில் எது படுத்தாலும் முதலில் அலறுவது அந்த வாரம் முறை பார்ப்பவரின் போன்தான். இந்த வாரம் அவள் முறை.

போன தடவை அது அலறியபோது நாத்தனார் வீட்டு விருந்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய், அவர்களுடைய படுக்கையறையில் மாலைவரை லேப்டாப்போடு உட்கார்ந்துவிட்டாள். வீடு திரும்பியதும் சண்டை. கடைசியில் அவளே வாயைக் கொடுத்தாள். "அடுத்த முறை ஒரே ஒரு தடவை அலறட்டும், உங்க ஃப்ரெண்டு சொன்ன வேலைக்கே போயிடறேன்." அங்கே சாயந்திரமானால் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றிருந்தான் அந்த நண்பன்.

இன்று ஞாயிறு. போன் இதுவரை மூச்சுவிடவில்லை.

"அதிர்ஷ்டக்காரிதான் நீ," என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தான் கணவன். "இன்னிக்கு ஒரு நாளைத் தாண்டிட்டா நீ ஜெயிச்சே. நானும் வாயை மூடிக்கிறேன்."

"நீங்களா? அந்தக் கண்கொள்ளாக் காட்சியையும் பார்த்துடறேன்."

தரையில் படம் வரைந்துகொண்டிருந்த மகள் தலையைத் தூக்காமல் கேட்டாள். "அம்மா, உன் போனுக்குத் தொண்டை கட்டிடுச்சா?"

சிரிக்கப் போனவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கையில் ஒரு சட்டை பாதி மடிப்பில் நின்றது. வாரம் முழுக்கச் சமர்த்தாக இருக்கிற பிள்ளையா அந்த மென்பொருள்? திங்கட்கிழமை சர்வர்களைப் புதுப்பிக்கும்போது, ஒவ்வொன்றும் அணைந்து எழுகிறபோதெல்லாம் போன் வீணாகக் கத்துமே என்று எச்சரிக்கை மணியை அவள்தான் அணைத்து வைத்தாள். வேலை நல்லபடியாக முடிந்தது. எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். மணியைத் திரும்பப் போட்டாளா?

மடித்த துணிமேலேயே சட்டையை எறிந்துவிட்டு உள்ளறைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தாள்.

போடவில்லை.

காலையிலிருந்து ஒரு முடிவுகூட வெளியே போயிருக்கவில்லை. ஏதோ ஒரு ஆய்வுக்கூடம் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பத்தியையே ஒட்டி அனுப்பியிருந்தது. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் மென்பொருள் அதோடு மல்லுக்கட்ட, பின்னால் ஆயிரத்துக்கும் மேல் வரிசைகட்டி நின்றன. சிலவற்றின் தலையில் 'அவசரம்' என்று சிவப்புக் குறி. ஒவ்வொரு குறிக்கும் பின்னால் ஒரு கட்டில், அதில் ஒரு ஆள்.

என்ன செய்ய வேண்டும் என்பதில் தடுமாற்றமில்லை. சிக்கியதைத் தனியே எடுத்து வைத்தாள். சிவப்புக் குறி போட்டவற்றை முதலில் விட்டாள். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"சிஸ்டர், ரிப்போர்ட் அனுப்புற சாஃப்ட்வேர் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். அவசர ரிப்போர்ட்டெல்லாம் இப்ப வந்துட்டிருக்கும். உடனே பார்க்கச் சொல்லுங்க."

"உங்க ஆபீசுக்குப் போட்டா இன்னிக்கு லீவுன்னு மெஷின் பேசுது. லேபைக் கேட்டுக் கேட்டு எழுதி எங்க கையே போச்சு. இருங்க... ஆமா, வருது. நீங்க யாரு?"

"உள்ள வேலை பார்க்கிறவ."

"எந்த உள்ள?"

"யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா, சிஸ்டர்?"

"இதுவரைக்கும் இல்ல. வைங்கம்மா, வேலை கிடக்கு."

இதுவரைக்கும். சிவப்புக் குறிகள் ஒவ்வொன்றாக 'பார்த்தாயிற்று' என்று மாறுவதையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பு ஒருமுறை மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு டாக்டர் திரையைத் திருப்பி, "ரிப்போர்ட் வந்துடுச்சு, பாருங்க" என்று சாதாரணமாகச் சொன்னார். அது அவள் மென்பொருள் வழியாக வந்தது என்று அவருக்குத் தெரியாது; குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது போலத்தான் அவருக்கு. அந்த அலட்சியத்தில் அவளுக்கு அன்று உடம்பே பூரித்துப்போனது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று கணவனிடம்கூடச் சொல்லவில்லை.

கடைசிச் சிவப்பும் மாறியதும் அலுவலகக் குழுவில் எழுதினாள்: மணியை அணைத்தது நான், போட மறந்ததும் நான். மேலாளரின் பதில் உடனே வந்தது: "நாளைக்குப் பேசலாம். இப்ப மணி அடிக்குதா?"

போட்டுவிட்டாள். ஆனால் அடிக்குமா? ஒரு தடவை அலறவைத்துப் பார்த்தால்தான் தெரியும். தலையணைக்கு அடியில் வைத்துச் சோதித்தால் வீட்டில் யாருக்கும் கேட்காது, வாரமும் ஜெயித்த வாரமாகவே போகும். தலையணையை ஒரு நிமிடம் பார்த்தாள். அப்புறம் போனை எடுத்துவந்து, கூடத்தில் துணிக்குவியல் மேல் வைத்துவிட்டுச் சோதனைப் பொத்தானை அழுத்தினாள்.

வீடே அதிர்ந்தது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள். சோப்பு நுரை சொட்டும் கையோடு ஓடிவந்தான் கணவன்.

"அடிச்சிடுச்சே!"

"நான்தான் அடிக்கவெச்சேன்."

"நீயேவா? எதுக்கு?"

சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்தவன் கையைத் துடைத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தான். கேலி செய்வான் என்று நினைத்தாள், செய்யவில்லை.

"உன் மூஞ்சியைக் கண்ணாடியில பாரு, ரத்தமே இல்ல. தப்பு யாருக்கும் வரும். ஆனா உனக்கு மட்டும் எதுக்கு இந்த அவஸ்தை? அவன் காத்துக்கிட்டிருக்கான். நீ வர்றதாச் சொல்லிடட்டுமா?"

உள்ளறையில் லேப்டாப்பில் வரிசை இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"உன்னைத்தான் கேக்கறேன். சொல்லட்டுமா, வேண்டாமா?"

"வேண்டாம்," என்றவள் போனின் சத்தத்தைக் கடைசிவரை கூட்டினாள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.