ஒரு கை பாக்கி

போன வருஷம் ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நடந்தது இது. அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது படித்தால், "இதுல இன்னாமா இருக்குது, எங்க தெருவுல எப்பவும் நடக்கிறதுதானே" என்பார்கள். என் வாழ்க்கையில் அது எப்பவும் நடக்கிறதில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் மதுரைப் பக்கம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இருந்தவரை வீட்டில் சண்டைக்காவது ஆள் இருந்தது. அவர் போன பிறகு, ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில், அலுவலகத்தில் காஞ்சிபுரத்துக்கு மாற்றல் போட்டார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷன் கிடைத்தது. கீழ்வீடு பூட்டியே கிடக்கும். வீட்டுக்காரர் சென்னையில் இருக்கிறார்.

வார நாட்கள் அலுவலகத்தில் ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் நகராது. பால் பாக்கெட் காலையில் கதவில் மாட்டிய பையில் கிடக்கும், போட்ட ஆளைப் பார்த்தது கிடையாது. சாயங்காலம் கடையில் போய் "தயிர் ஒண்ணு" என்று கேட்பேன். அன்றைக்கு என் வாயிலிருந்து வருகிற முதல் பேச்சே அதுவாகத்தான் இருக்கும். குரல் கரகரவென்று வரும். கடைக்காரர் ஒருமுறை, "இன்னா மேடம், ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, பேசித்தான் நாளாகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. பட்டு நெய்கிறவர்களின் பழைய தெருக்களை வழிகாட்டியோடு நடந்து பார்க்கலாம், முடிவில் எல்லோரும் சேர்ந்து காலை டிபன் என்று போட்டிருந்தது. எனக்குப் பட்டிலும் ஆசை இல்லை, பழைய தெருக்களிலும் ஆசை இல்லை. 'எல்லோரும் சேர்ந்து' என்ற இடத்தில்தான் கண் நின்றது. பேர் கொடுத்துவிட்டு, நடப்பதற்கென்று புது ஷூ கூட வாங்கினேன். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி விடியுமுன்பே குளித்துக் கிளம்பினேன் என்றால் சிரிக்காதீர்கள்.

வழிகாட்டி இளைஞர். காதோரம் மைக், இடுப்பில் சின்ன ஸ்பீக்கர். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதல் காரியமாக, "சந்து சந்தா போகப்போறோம், யாரும் மிஸ் ஆகக்கூடாது. ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேர்ந்துக்கோங்க. அவங்கவங்க ஜோடியை அவங்கவங்க பார்த்துக்கோங்க. நான் ஜோடியை மட்டும் எண்ணிப்பேன்" என்றார். வந்திருந்தவர்களில் புருஷன் பெண்டாட்டி, அக்கா தங்கை, கல்லூரித் தோழிகள் என்று எல்லோரும் ஏற்கெனவே ஜோடிதான். நான் மட்டும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "மேடம், நீங்க என்கூடவே வாங்க" என்றார். சொன்னதோடு மறந்தும்போனார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு பீரியடில் மிச்சப்பட்டு நின்ற வயதிலிருந்து எனக்கு இது பழக்கம் என்பதால் சிரித்துக்கொண்டே கடைசியில் நடந்தேன்.

இரண்டு மூன்று தெரு தாண்டியிருப்போம். ஒரு சந்தில் தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்திருந்தார்கள். பாவு என்றால் புடவையின் நீளவாக்கு நூல். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுத் தடவி, அறுந்த இழைகளை முடிந்து, காயவைத்துச் சுருட்டுவார்கள். ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் குங்குமச் சிவப்பில் இடுப்பு உயரத்துக்கு நீண்டு கிடந்தன. எங்கள் கூட்டம் அதன் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி, போட்டோ எடுத்துக்கொண்டே போனது. "தயவுசெய்து யாரும் தொடாதீங்க" என்று ஸ்பீக்கர் சொல்லிக்கொண்டே போயிற்று.

பாவின் அந்தக் கோடியில் ஒரு கட்டையில் நூல் சுற்றியிருந்தது. இந்தக் கோடியில் ஒரு தடிக்குச்சியில் மாட்டி, குச்சியைக் கயிற்றால் ஒரு கல்கம்பத்தோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள். கணவனும் மனைவியுமாக இரண்டே பேர் நடுவில் நின்று வேகவேகமாகப் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் தாண்டிப் போன பிறகு நான் அந்தக் கம்பத்தருகே வந்தேன். அப்போது டப்பென்று கயிறு அறுந்தது.

நான் யோசித்துச் செய்ததாகச் சொன்னால் பொய். கைப்பை ஒரு பக்கம் விழ, பாவோடு இழுபட்டுப் போகப்போன குச்சியை இரண்டு கையாலும் பிடித்துவிட்டேன். அவ்வளவு மெல்லிய நூல் அத்தனை பலமாக இழுக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. புது ஷூ வாசல் தெளித்த ஈரத்தில் வழுக்கியது. நடுவிலிருந்து அந்த அம்மாள் கத்தினார்.

"விட்றாதமா! கெட்டியா புடிச்சிக்க! பின்னாடி சாய்ஞ்சிக்க!"

சாய்ந்துகொண்டேன். குச்சியை வயிற்றோடு அணைத்து, மாட்டுக்காரி மாதிரி குதிகாலை ஊன்றி நின்றேன். பாவு மறுபடி விறைத்தது.

அந்த அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். கை பிரஷ்ஷை விடவில்லை, வாய் மட்டும் எனக்கு நிலைமையைச் சொன்னது. "கயிறு மாத்தணும்னா தளர்த்தணும். இப்ப தளர்த்தினா ஈரத்துல எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், மூணு புடவைக்கான பாவு போச்சு. தெருவே கல்யாணத்துக்குப் போயிருக்குது, ஒரு ஆளு இல்ல. காயற வரைக்கும் நில்லுமா, உனக்குப் புண்ணியமா போவட்டும்."

"நிக்கிறேன்" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமையின் முதல் பேச்சு அதுதான்.

வழிகாட்டியின் ஸ்பீக்கர் சந்து முனையில் திரும்பியது. "இடது பக்கம் பாருங்க" என்று கேட்டது. அப்புறம் குரல் மட்டும் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை. இதோ வந்துவிடுவார்கள், ஓர் ஆள் குறைகிறதே என்று யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். வானம் மூடாக்காக இருந்ததால் கஞ்சி சீக்கிரம் காயவில்லை. மூக்கு அரித்தது. தோள் கடுத்தது. ஒரு நாய் வந்து என் கைப்பையை முகர்ந்துவிட்டுப் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் பைக்குள்ளே போன் அடுத்தடுத்து உறுமியது. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? தேடுகிறார்கள் என்று நினைத்தேன். எங்கே போனேனோ என்று ஒரு கூட்டமே பதறுவது போலக் கற்பனை செய்துகொண்டேன். பாவம், பயந்துபோயிருப்பார்கள், போனதும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வார்த்தைகளைக்கூடத் தயார் செய்தேன்.

ஒருவழியாகப் பாவு காய்ந்தது. கணவர் அந்தக் கோடிக்குப் போய்க் கட்டையில் சுருட்ட ஆரம்பித்தார். அம்மாள் அவர் பக்கத்தில் நின்று இழைகளை ஒழுங்கு பார்த்தபடியே எனக்கு உத்தரவு போட்டார். "ஓர் அடி வா. நில்லு. இழுத்துக்கினே வா, தொய்ய வுடாத. இன்னும் ஓர் அடி." அவர்கள் சுருட்டச் சுருட்ட நான் குச்சியோடு அடி அடியாக முன்னால் போனேன். தெருவில் போட்ட கோலம், சாக்கடை மூடி, சார்த்தி வைத்த சைக்கிள் எல்லாவற்றையும் அந்தக் குரல் சொன்னபடி தாண்டினேன். காசு கட்டிப் பேர் கொடுத்த நடை எங்கேயோ நடந்துகொண்டிருந்தது, நான் இங்கே ஒரே தெருவை நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் பாவு முழுவதும் சுருண்டு, அந்த அம்மாளும் நானும் மூக்குக்கு மூக்கு நின்றோம்.

"இப்ப வுடு" என்றார். விரல்கள் விட மறுத்தன. அவர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். பிறர் கை என் கையில் பட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போது தோன்றியது.

போனை எடுத்துப் பார்த்தேன். தவறிய அழைப்பு ஒன்றுகூட இல்லை. வந்ததெல்லாம் போட்டோ. வாழை இலையில் காஞ்சிபுரம் இட்லி, வடை, பிறகு ஹோட்டல் வாசலில் எல்லோரும் சிரித்தபடி நிற்கும் படம். கீழே, "முழு ஆதரவு தந்த அனைவருக்கும் நன்றி! ஒருவர்கூட மிஸ் ஆகவில்லை!" என்று எழுதியிருந்தது. ஜோடிகளை எண்ணியிருக்கிறார், கணக்குச் சரியாக இருந்திருக்கிறது. அவர் மேல் தப்பே இல்லை. ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தெரியாத தெருவில், தெரியாத இரண்டு பேர் முன்னால் நின்று அழுதேன்.

"இன்னாமா ஆச்சு?" என்று அம்மாள் போனை வாங்கிப் பார்த்தார். படத்தை விரலால் பெரிசாக்கினார். "இதுல நீ எங்க?"

"நான் இல்லைங்க."

"அதான் தெரியுதே. உன்னத் தேடலியா?"

"ஜோடி ஜோடியா எண்ணினாங்க. நான் தனி."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சரி, உனக்கு இன்னா வேல கீது, சொல்லு" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் கணவர்தான் முதல் தடவையாக வாயைத் திறந்து விளக்கினார். அந்தத் தெருவில் ஒரு வீட்டுப் பாவுக்கு வந்து நின்றால், பதிலுக்கு அவர்கள் வீட்டுப் பாவு தெருவுக்கு வரும்போது இவர்கள் போய் நிற்பார்களாம். கூலி கிடையாது, கைக்குக் கை.

"உனக்குத்தான் பாவு இல்லியே. உன் வூட்டுல வேற இன்னா இருக்குது, ரெண்டாவது ஆளு வேணுங்கற மாதிரி?" என்று அம்மாள் விடாமல் கேட்டார்.

நான் நிஜமாகவே யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. தனியாக இருக்கிறவர்கள் எல்லாவற்றையும் ஒரு கைக்குத் தகுந்தபடி அமைத்துக்கொண்டு விடுகிறோம். சின்ன சிலிண்டர், சின்னக் குக்கர், நானே தூக்கிவிடக் கூடிய பாதி வாளித் தண்ணீர். "ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லப்போனவளுக்குப் பீரோ ஞாபகம் வந்தது. சாமான் இறக்கியவர்கள் அவசரத்தில் படுக்கையறை ஜன்னலை அடைத்துக்கொண்டு பீரோவை நிறுத்திவிட்டுப் போனார்கள். ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார்கள், பீரோவும் நகராது. வந்த நாளிலிருந்து பகலிலும் லைட்டைப் போட்டுக்கொண்டு காலம் தள்ளிவந்தேன். அதைச் சொல்லி, கேட்டபோது விலாசமும் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே இரண்டு பேரும் பைக்கில் வந்து இறங்கினார்கள். வருவார்கள் என்று நான் நம்பவில்லை என்பதால் வீட்டைக்கூடப் பெருக்கி வைக்கவில்லை. காப்பி போட்டேன். வீட்டில் டம்ளர் இரண்டுதான் இருந்தது, எனக்கு ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி. பீரோவின் காலுக்கு அடியில் கோணிச் சாக்கைச் செருகி, மூன்று பேருமாகத் தள்ளினோம். ஜன்னல் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது. அவர் சப்பாத்திக் கட்டையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

ஜன்னல் திறந்தால் கோபுரம் தெரியும், குளம் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டின் சமையலறைதான் தெரிந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் திடுக்கிட்டு நிமிர்ந்து, உள்ளே திரும்பி யாரிடமோ சொன்னார்: "இங்க பாரேன், அந்த வூட்டுல ஆளு இருக்காங்க! நாம காலி வூடுன்னு நெனச்சிக்கினு இருந்தோமே!"

அவர்களை வழியனுப்பப் படியிறங்கும்போது எனக்கு ஒரே துக்கமாக இருந்தது. கைக்குக் கை சரியாகிவிட்டது, இனி இவர்கள் வர வேண்டிய அவசியம் இல்லை. அதை மறைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க, கணக்கு தீர்ந்துபோச்சு" என்று சிரித்தேன்.

பைக்கில் ஏறி உட்கார்ந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க தீர்ந்துச்சு? நீ ஒருத்தி நின்ன, நாங்க ரெண்டு பேரு வந்தோம். ஒரு கை உன்னாண்ட பாக்கி. ஐப்பசில அடுத்த பாவு, வந்து சேரு."

ஐப்பசியில் போனேன். அதற்குப் பிறகும் சில தடவை போயிருக்கிறேன். கயிறு புதிதாக இருந்தாலும் கோடியில் நிற்க ஓர் ஆள் வேண்டும் என்று ஏதாவது காரணம் சொல்லிவிடுவார். அதற்காக ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் மாறிவிட்டன என்று கதை விட மாட்டேன். பாவு மாதக்கணக்கில் ஒரு தடவைதான் தெருவுக்கு வரும், மற்ற ஞாயிறுகளில் இன்றைக்கும் என் முதல் பேச்சு தயிர்க்கடையில்தான். வாழ்க்கை முழுக்க யாருக்கும் எதுவும் பாக்கி வைக்காமல் இருப்பதைப் பெருமையாக நினைத்திருந்தவள் நான். இப்போது போகிற ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு கை பாக்கி தீர்ந்துவிடக் கூடாதே என்று வரதராஜப் பெருமாளை வேண்டிக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன்.