ராணியம்மாவைக் கூப்பிட்ட மைனா

செவ்வாய்க்கிழமை காலை, பெங்களூரு பறவைக் காப்பகத்தில் பழம் நறுக்கிக்கொண்டிருந்தபோது மர்பி டவுனிலிருந்து கிருபாகரனின் மனைவி தொலைபேசியில் அழைத்தார். "போயிட்டாரு" என்றார்.

கிருபாவும் நானும் இங்கே ஒன்பது வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். தொண்ணூறுகளின் கடைசியில், வீடுகளில் வளர்க்கக் கூடாதென்று வனத்துறை பறிமுதல் செய்த மலை மைனாக்கள் எங்களிடம் வரும். ஒன்று குக்கர் விசில் அடிக்கும். இன்னொன்று "ஊட்டா ஆய்த்தா?" என்று, சாப்பிட்டாச்சா என்பதைக் கன்னடத்தில் விசாரிக்கும்.

ஸ்ரீராம்புரத்திலிருந்து வந்த மைனா, ஓர் ஆணின் குரலில் "ராணி, டீ ஆச்சா?" என்று கேட்கும். ஒரு மாதத்தில் ராணியம்மாவே தேடி வந்துவிட்டார். அது இறந்துபோன அவருடைய கணவரின் குரல். காரியம் முடிந்த வாரத்தில்தான் மைனாவைப் பிடித்துப் போயிருக்கிறார்கள்.

"திருப்பிக் குடுத்துடுங்கண்ணா" என்று கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"சட்டத்துல எடம் இல்லம்மா. ஞாயித்துக்கிழமை வாங்க, எவ்ளோ நேரம்னாலும் கேட்டுட்டுப் போங்க" என்றார் கிருபா.

இரண்டு வருடம் ராணியம்மா வந்தார். பிறகு மைனா நோய்ப்பட்டுச் செத்தது. அதற்குள் பக்கத்துக் கூண்டு மைனா அதே கேள்வியைக் கற்றிருந்தது. "நாம யாரும் சொல்லிக் குடுக்கலியே. பக்கத்துல இருந்துச்சு, புடிச்சுக்கிச்சு" என்று கிருபா வியந்தார்.

கூண்டை மாற்றி வைத்துவிடலாம், ராணியம்மாவுக்கு வித்தியாசம் தெரியாது என்றேன் நான்.

"புருஷனையே பறிகொடுத்தவங்க. தாங்க மாட்டாங்கன்னு நாம எப்படி முடிவு பண்றது?" என்றார் கிருபா.

ஞாயிற்றுக்கிழமை, ராணியம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து, மைனா செத்ததை அவரே சொன்னார். ராணியம்மா வெகுநேரம் அழுதார். அப்போது மற்ற மைனா, "ராணி, டீ ஆச்சா?" என்றது.

ராணியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு உற்றுக் கேட்டார். "கடைசியில கொஞ்சம் இழுக்குது. அவரு இப்படி இழுக்க மாட்டாரு" என்றார். பிறகு, "இருந்தாலும் பரவால்லண்ணா, கூப்பிடட்டும்" என்றார்.

கிருபாவின் அடக்கத்துக்கு ராணியம்மாவும் வந்திருந்தார். எத்தனையோ வருடம் கழித்து அன்றுதான் அவரிடம் சொன்னேன்: "மைனா செத்ததை உங்ககிட்ட மறைச்சுடலாம்னு சொன்னது நான்தான்."

"அப்படியா? அண்ணன் அதைச் சொல்லவே இல்லியேம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ராணியம்மாவுக்கு உண்மையைச் சொன்ன கிருபா, என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த இரண்டையும் ஒருசேரச் செய்ய எனக்கு இன்னும் வரவில்லை. என் தவற்றை என் வாயால் ஒருமுறை சொல்ல முடிந்தது. ஒன்பது வருடம் பக்கத்தில் இருந்து கிருபாவிடம் நான் பிடித்துக்கொண்டது அதுதான். அதைச் சொல்ல அவர் சாகும்வரை காத்திருந்தேன்.