நான் நிறுத்திய குளிசைகள்

என் தங்கை நிஸ்ரினின் குளிசைகளை நிறுத்தியவன் நான். வைத்தியர் அல்ல, அவளும் அல்ல. நான்!

நீங்கள் என்னை மேடையில் பார்த்திருக்கலாம். கல்முனைப் பக்கத்துப் பாடசாலைகளில் மனநோய் பற்றிய விழிப்புணர்வுக் கூட்டம் என்றால் பேச அழைக்கப்படும் ஆசிரியர் நான்தான். மறைக்காதீர்கள் என்பேன். நீங்கள் கைதட்டுவீர்கள்.

உயர்தரப் பரீட்சை எழுதிய வருடம் நிஸ்ரினுக்கு நோய் தொடங்கியது. யாருமில்லாத அறையில் யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொன்னாள். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள் என்று அவளை மட்டக்களப்புக்கு பஸ்ஸில் கூட்டிப் போனேன். ஊருக்குத் தையல் வகுப்பு என்று சொன்னோம். குளிசை அவளைத் தேற்றியது. பிறகு உண்மையாகவே தையல் கற்றாள். நான்கு வருடம் நன்றாக இருந்தாள்.

அப்போதுதான் சம்மாந்துறையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை இர்பான், அரிசி ஆலையில் மெக்கானிக். எங்கள் வழக்கப்படி கலியாணத்தின் பின் பெண் வீட்டில்தான் குடியிருப்பார். குளிசை அவர் கண்ணில் படுமே... நிக்காஹ்வுக்கு முதல் நாள் அவளுடைய மேசை லாச்சியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்தேன்.

“காக்கா, டொக்டர் நிப்பாட்டச் சொல்லல்லயே,” என்றாள்.

“நீ இப்ப சுகந்தானே. அவருக்குத் தெரிஞ்சா உன்ன உட்டுட்டுப் போயிருவாரு.”

வாப்பா மௌத்தான பிறகு அவளுக்கு அண்ணனும் தகப்பனும் நான்தான். என்னை நம்பினாள்...

மூன்றாம் மாதம் அவளுக்குத் தூக்கம் போனது. ஒரு நண்பகல் தலையில் முக்காடில்லாமல் கடற்கரைக்கு ஓடினாள். வலை இழுத்துக்கொண்டு நின்றவர்கள் சூழ்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் போனில் படம் பிடித்தான். இர்பான் ஓடி வந்து, தன் சட்டையைக் கழற்றி அவள் தலையை மூடினார். நான்? கூட்டத்தின் பின்னால் நின்றேன்!

அன்று மாலை அவர் என்னிடம், முன்பும் இப்படி வந்ததா என்று கேட்டார். அல்லாஹ்வின் மேல் சத்தியமாக இல்லை என்றேன். ஜின்னின் வேலையாக இருக்கும் என்றும் சொன்னேன். ஓதிப் பார்க்க ஆள் வந்தது, தாயத்துக் கட்டப்பட்டது. இரண்டு கிழமை அவள் தன் அறைக்குள் அலறினாள். மருந்தின் பெயர் தெரிந்த நான் வெளியே கதிரையில் உட்கார்ந்திருந்தேன். இதை எந்த மேடையில் சொல்வது, சொல்லுங்கள்!

கடைசியில் இர்பானே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தேறத் தொடங்கியதும் அவளே எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டாள்.

அவர் என்னைத் தேடி வந்தார். குரலை உயர்த்தவில்லை.

“குளிசை குடிக்கிற பொண்ணோட நான் வாழ்ந்திருப்பன் மச்சான். நீங்கதான் என்ன அதுக்கு விடல்ல. இனி அவ சம்மாந்துறையில எங்கட ஊட்ட இருக்கட்டும். நீங்க வரவேணாம்.”

அவர் விட்டுவிட்டுப் போவார் என்று பயந்தேனே... அவர் விட்டது என்னைத்தான். நிஸ்ரின் இன்று சம்மாந்துறையில் நலமாக இருக்கிறாள். ஒரு மகள் பிறந்திருக்கிறாள் என்று பிறர் சொல்லித்தான் அறிந்தேன்.

இதற்குப் பிறகும் மேடை ஏறுகிறேன். பிராயச்சித்தமா? இல்லை. கைதட்டல் எனக்குப் பிடித்திருக்கிறது.

போன மாதம் ஒரு கூட்டம் முடிந்ததும் ஒரு தாய் தனியே வந்தார். தன் மகளுக்கு ஏதேதோ சத்தம் கேட்கிறதாம். கிளினிக்குக் கூட்டிப் போனால் ஊர் என்ன சொல்லும் என்று நடுங்கினார்.

“சேர், உங்கட ஊட்ட ஆருக்கும் இப்படி வந்திருக்கா?”

ஓம் என்று ஒரு சொல் போதும். அவருக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான்.

“இல்ல,” என்றேன்.

அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். மகளைக் கூட்டிப் போனாரா, இல்லையா... எனக்குத் தெரியாது. அவர் எந்த ஊர் என்றுகூட நான் கேட்கவில்லை.