சந்தனம் வைத்த எஞ்சின்

எங்கள் வீட்டில் ஒரு கார் இருந்தது. அதில் ஏறி நாங்கள் யாரும் எங்கும் போனதில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில், வீட்டை ஒட்டிய ஓட்டு ஷெட்டில், நான்கு பனங்கட்டைகளின் மேல் அது நின்றது. டயர் தரையில் படாது. கறுப்பு உடம்பு, கரும்பச்சை மட்கார்டு, தவளையின் கண்களைப் போலத் துருத்தி நிற்கும் இரண்டு விளக்குகள். முன்கதவுகள் நாம் பழகிய திசைக்கு எதிர்த்திசையில் திறக்கும். திரும்பும் பக்கத்தைக் காட்டக் கதவுத் தூணிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு ஆரஞ்சு நிறக் கை ஒன்று வெளியே நீளும். அந்தக் கையைப் பார்ப்பதற்காகவே என் வகுப்புப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ஷெட் வாசலில் நின்றார்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அப்பா எஞ்சினை ஓடவிடுவார். முன்னால் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகி ஒரே ஒரு சுற்று. முதலில் ஒரு தும்மல், பிறகு ஓர் இருமல், பிறகு அந்தச் சத்தம். அதைச் சத்தம் என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஷெட்டின் தரை மெல்ல நடுங்கும், என் உள்ளங்கால் வழியாக அது முட்டிவரை ஏறும். பத்து நிமிடம், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. பிறகு நிறுத்திவிட்டு, பழைய வேட்டித் துணியால் எஞ்சினை அங்குலம் அங்குலமாகத் துடைப்பார். எந்த மெக்கானிக்கையும் அதைத் தொடவிட்டதில்லை.

வண்டியை வாங்கியவர் அப்பாவின் அப்பா. நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டவர். அவர் காலத்தில் இந்த மாதிரி வண்டி வைத்திருந்தவர்கள் எல்லாரும் பெட்ரோலுக்குக் கட்டுப்படியாகாமல் டீசல் எஞ்சினுக்கு மாறினார்கள். அவர் மாறவில்லை. சீமையில் பொருத்திய எஞ்சின், ஒரு போல்ட்டுகூடக் கழற்றவில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பா அதே வாக்கியத்தைச் சொல்வார். ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எஞ்சின் நம்பர் அவருக்கு மனப்பாடம். எனக்கும் மனப்பாடம். வாய்ப்பாடு சொல்லும் ராகத்தில் சொல்வேன். 614 என்று முடியும்.

ஆயுத பூஜைக்குச் சிதம்பரத்திலிருந்து அத்தை வருவார். அப்பாவின் அக்கா. பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், சொந்தமாக ஒரு சின்னக் காரை ஓட்டுகிறவர். ஆனால் இந்த வண்டியின் ஸ்டியரிங்கை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. எஞ்சினுக்குச் சந்தனம் வைப்பது மட்டும் அவர் வேலை. இடது பக்கம், கீழே, சற்றுத் தட்டையான ஓரிடத்தில் வைப்பார். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாமிக்கு வைத்த சந்தனத்தைத் துடைக்கக் கூடாது. அடுத்த வருடம் அதன் மேலேயே வைக்க வேண்டும். ஆகவே அந்த இடத்தில் சந்தனம் அடை கனத்துக்குக் காய்ந்து கிடந்தது. அப்பாவின் துணி எஞ்சினில் போகாத இடம் அது ஒன்றுதான்.

2007-ஆம் வருடம் எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் தெருவை அகலப்படுத்த அளவுக்கல் நட்டார்கள். கல் ஷெட்டின் நடுவில் விழுந்தது. வண்டியை வைக்க வேறு இடம் இல்லை. சிதம்பரத்தில் ரைஸ் மில் வைத்திருந்த ஒருவர் பழைய வண்டிகளைச் சேர்த்து, கண்ணாடித் தடுப்புப் போட்ட ஒரு பெரிய கூடம் கட்டிக்கொண்டிருந்தார். அப்பா வண்டியை அவருக்குச் சும்மாவே கொடுக்க முன்வந்தார். இனிமேல் யாரும் அதை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பது அவர் நிபந்தனை. மில்காரரும் ஒன்றே ஒன்று கேட்டார். எஞ்சின் நம்பரும் ஆர்.சி. புத்தகமும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத வண்டி அவர் கூடத்துக்குள் வராது.

லாரி பேசியாகிவிட்டது. அதற்கு முந்தைய ஞாயிறு அத்தையும் மாமாவும் வந்தார்கள்.

"லாரில வெச்சுக் கட்டிக்கினு போறதுக்கு அது என்னடா செத்த மாடா?" என்றார் அத்தை. "ஓடற வண்டி. ஓட்டிக்கினுதான் போவணும்."

"இருபது வருஷமா ரோட்டையே பாக்காத எஞ்சின்க்கா. வழியில எஞ்சின் பிளாக் கிராக் ஆச்சுன்னா, இன்னொண்ண உலகத்துல எங்க போய்த் தேடுவ?"

"தேடுனா கெடைக்கும்," என்றார் அத்தை. பிறகு ஏனோ பேச்சை நிறுத்திக்கொண்டார்.

மாமா வேடிக்கைக்காரர். "மச்சான், ஆளுக்குப் பாதியா பிரிச்சிக்கோங்க. முன்பாதி ஓடட்டும், பின்பாதி லாரில வரட்டும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அம்மா காபி தம்ளர்களை வைத்துவிட்டு வந்த வேகத்திலேயே உள்ளே போய்விட்டார்.

"நான் ஓட்டறேன், தம்பி," என்றார் அத்தை. "ஒரே ஒரு வாட்டி."

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். ஸ்பிரிங் இறங்கிவிடும் என்று என்னைப் பின்சீட்டில்கூட உட்காரவிடாதவர் அவர். அவர் என்ன சொல்லப் போகிறார் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

"சரி. அக்காவே ஓட்டட்டும்," என்றார்.

புறப்பட்ட நாள் காலை ஆறு மணி. பனங்கட்டைகளை எடுத்ததும் வண்டி ஒரு பெருமூச்சோடு தரையில் உட்கார்ந்தது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அத்தை சின்னப் பித்தளைக் கும்பாவில் சந்தனம் கரைத்துக்கொண்டு வந்து, வழக்கமான இடத்தில் வைத்துவிட்டு, கும்பாவையும் குங்குமச் சிமிழையும் முன்சீட்டுக்கு அடியில் செருகினார். புடவைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறினார். பக்கத்தில் அப்பா. பின்னால் நான், கையில் நோட்டும் பென்சிலும். வழியில் வரும் ஊர்களை எழுதுவதாக ஏற்பாடு. மாமா மோட்டார் சைக்கிளில், தோளில் தேர்வடம் போல ஒரு கயிற்றைச் சுற்றிக்கொண்டு, இழுத்துப் போக எப்போது கூப்பிடுவார்கள் என்று பார்த்தபடியே பின்தொடர்ந்தார்.

அந்த முதல் ஒரு மணி நேரத்தை நான் இன்றுவரை வேறெதனோடும் ஒப்பிட்டதில்லை. அதுவரை எனக்கு அந்த வண்டி ஒரே இடத்தில் நடுங்கும் பொருள். இப்போது அதே நடுக்கம் எங்களைத் தூக்கிக்கொண்டு போனது. முதுநகர் கடைத்தெருவில் மீன்கூடைப் பெண்கள் தாமாக விலகி நின்றார்கள். ஒரு டவுன் பஸ் டிரைவர், ஒருவருக்கும் வழிவிடாத இனம், பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். அத்தை ஆரஞ்சுக் கையை நீட்டியபோது சாலையோரப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். வேகம் மணிக்கு இருபத்தைந்து மைல். வேகத்தைக் காட்டும் அந்தக் கடிகாரத்தில் கிலோமீட்டர் கிடையாது. ஆலப்பாக்கம் தாண்டி, சவுக்குத் தோப்புகளுக்கு நடுவில், எஞ்சினின் குரல் மாறியது. கரகரப்பு போய் ஒரே சீரான முனகலாகிவிட்டது. ஷெட்டில் ஒரு ஞாயிறும் கேட்காத குரல்.

"கேட்டியாடா?" என்றார் அத்தை.

அப்பாவை நான் கண்ணாடியில் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார்.

புவனகிரி வெள்ளாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பானட்டின் இரு பக்கமும் ஆவி கிளம்பியது. அத்தை வண்டியை ஓரத்தில் நிறுத்தினார். ஐந்து நிமிடத்தில் இருபது பேர் கூடிவிட்டார்கள். சினிமா ஷூட்டிங்கா என்று ஒருவர் கேட்டார். டிராக்டரில் வந்த ஒருவர் இறங்கி வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "டீசல் எஞ்சின் ஒண்ண மாட்டி வுட்டுடுங்க சார், பஞ்சாயத்தே இல்ல" என்றார். அப்பா அவரைப் பார்த்த பார்வையில் அவர் டிராக்டருக்கே திரும்பிப் போனார்.

மாமா ஆற்றில் இறங்கி ஒரு பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். குடத்தைத் தோளுக்கு உயர்த்தினார்.

"ஊத்தாதீங்க!"

அத்தையை நான் அப்படிக் கேட்டதேயில்லை. எண்ணூறு மாணவிகளைக் குரலை உயர்த்தாமல் நடத்தியவர். ஓடிப்போய்க் குடத்தைத் தட்டிவிட்டார். தண்ணீர் பாதி மாமாவின் சட்டையிலும் பாதி ரோட்டிலும் போனது.

"கொதிக்கிற எஞ்சின்ல பச்சத்தண்ணி பட்டா பிளாக் வெடிச்சிடும். ஆறட்டும். எத்தினி நேரம் ஆனாலும் ஆறட்டும்."

"அதுக்கு என்னை ஏன்டி ஆறவைக்கிற?" என்றார் மாமா, சட்டையைப் பிழிந்துகொண்டே. கூட்டம் சிரித்தது. அத்தை காலிக் குடத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். கார்களைப் பற்றி ஒரு பெண்ணுக்கு இவ்வளவு தெரியுமா என்று நான் வாயைப் பிளந்து நின்றேன்.

நாற்பது நிமிடம் காத்திருந்தோம். பிறகு அத்தை ஈரச் சாக்கை ரேடியேட்டர் மூடியின் மேல் போட்டு மெதுவாகத் திருகினார். அப்படியும் உள்ளே மிச்சமிருந்த அழுத்தத்தில் துருநிறத் தண்ணீர் சீறி வந்து, எஞ்சினின் இடது பக்கமெல்லாம் வழிந்தது. காய்ந்த சந்தனம் ஊறி, ஒரு துண்டாகப் பெயர்ந்து விழுந்தது. பல வருடச் சந்தனம். அதன் அடியில் இரும்பில் பொறித்த எண்கள் தெரிந்தன. மிச்சச் சந்தனம் மறைத்தது போகக் கடைசி மூன்றை என்னால் படிக்க முடிந்தது. 097.

நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு "அத்தை, 614 இல்ல..." என்று ஆரம்பித்தேன்.

அத்தை என்னைப் பார்த்தார். சீட்டுக்கு அடியிலிருந்து கும்பாவை எடுத்து, காலையில் கரைத்ததில் மிச்சமிருந்ததில் கொஞ்சத்தைக் குழைத்து, அந்த எண்களின் மேல் அப்பினார். "சாமிக்கு வெச்சது கலையக் கூடாது கண்ணு," என்றார். குரல் வழக்கமான குரலுக்குத் திரும்பியிருந்தது. அப்பா அப்போது பாலத்தின் கைப்பிடிச் சுவரருகே நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளாற்றில் பார்ப்பதற்கு அன்று பெரிதாக ஒன்றும் இல்லை.

சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. மில்காரர் வெள்ளைச் சட்டையோடு வாசலில் காத்திருந்தார். வண்டி தன் காலாலேயே வந்ததைப் பார்த்ததும் படியிறங்கி ஓடி வந்தார். கையெடுத்துக் கும்பிட்டார், எங்களையா வண்டியையா என்று தெரியவில்லை. பானட்டைத் திறந்தார்கள். சூட்டில் அத்தை அப்பிய சந்தனம் காய்ந்து, வெடித்து, ஓரங்களில் உதிரத் தொடங்கியிருந்தது. நம்பரைப் பிறகு பார்க்கலாம், முதலில் காபி சாப்பிடுங்கள் என்று எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார். அப்பா மட்டும், "வண்டிய ஒரு வாட்டி பாத்துட்டு வரேன்," என்று பின்தங்கினார். கடைசியாகப் பார்க்கிறார், தனியாக இருக்கட்டும் என்று நாங்கள் போய்விட்டோம். அத்தை மட்டும் காபி குடிக்காமல் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காபி முடிந்ததும் மில்காரர் ஆர்.சி. புத்தகத்தோடும் ஒரு சின்னக் கத்தியோடும் எஞ்சினின் மேல் குனிந்தார். இடது பக்கம் சந்தனம் வட்டமாக, கனமாக, நடுவில் குங்குமத்தோடு இருந்தது. ஈரம் இன்னும் காயவில்லை.

"பூஜ போட்டுருக்கீங்களா?"

"எங்கப்பா காலத்துலேருந்து," என்றார் அப்பா. "தொடச்சதே இல்ல."

மில்காரரின் கத்தி நின்றது. அவரும் சிதம்பரத்துக்காரர்தான். சாமிக்கு வைத்ததைச் சுரண்டிய பாவம் தனக்கு எதற்கு என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"நம்பரச் சொல்லுங்க, புக்குல சரிபாத்துக்கறேன்."

அப்பா கண்ணை மூடிச் சொன்னார். 614 வரை ஒரு எண்ணும் தவறவில்லை. எண் ஒத்துப்போனதாக எழுதிக்கொண்டார்கள். வண்டியைக் கூடத்தின் நடுவில் நிறுத்தினார்கள்.

2012-இல் சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்து அத்தை வீட்டில் தங்கியபோது, ஒருநாள் அத்தையே சொன்னார். அவருக்கு இருபது வயதில் நடந்தது. அவர் அப்பா ஊரில் இல்லாத நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போயிருக்கிறார். எஞ்சின் கொதித்தது. ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். "டமார்னு ஒரு சத்தம். அவ்ளோதான்." அவர் அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. புதுச்சேரியில் ஓடாமல் கிடந்த அதே மாதிரி வண்டி ஒன்றின் எஞ்சினைத் தேடிப் பிடித்து, வெளியூர் ஆளை வைத்துப் பொருத்திவிட்டு, மறுநாள் சந்தனக் கும்பாவோடு வந்து நம்பரின் மேல் முதல் பொட்டை அவரே வைத்தாராம். ஒரு போல்ட்டுகூடக் கழற்றவில்லை என்று ஊருக்குச் சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

"உங்கப்பனுக்குத் தெரியாது. அப்ப அவன் சின்னப் பையன்," என்றார் அத்தை. "தெரிஞ்சா தாங்க மாட்டான். சொல்லிடாத."

சொல்லவில்லை. ஆனால் அவர் அதைச் சொன்னபோது எனக்கு வண்டியைக் கொண்டுபோன அந்த நாளின் மாலைதான் ஞாபகம் வந்தது.

கடலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் அப்பாவும் நானும் மட்டும். அப்பா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது மோதிர விரலில், நகத்தின் இடுக்குவரை, சந்தனம் காய்ந்திருந்தது. விரல்நுனியில் துளி குங்குமம். எனக்குக் கோபம் வந்தது. சிதம்பரம்வரை வந்து, நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், என்னைக் கூப்பிடாமல் இவர் மட்டும் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். கடலூர் வரும்வரை நான் அவரோடு பேசவேயில்லை.